வாசிக்கக் காசில்லை; எழுத? ஆபிரிக்கன் ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் பற்றி ஒரு நூலகரின் மதிப்பீடு

மரவள்ளிக்கிழங்கு அவிக்கும் நாளில் இஞ்சி சேர்ந்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் இன்றும் காக்கப்படும் விதி. காலையில் இஞ்சித் தேநீர் குடித்தவருக்கு மத்தியானம் கிழங்கு இல்லை என்று தட்டை நகர்த்திவிடுவார்கள். இந்த விதிக்கு ஆதாரம் ஏதும் உண்டா என்ற கேள்வியோடும், மரவள்ளி மாவில் எஞ்சும் சயனைட் பற்றிய ஆய்வுத் தலைப்போடும் விவசாய பீட இறுதியாண்டு மாணவி ஒருவர் நூலகத்தில் என் மேசைக்கு வந்தார். அவர் தேடி எடுத்து வந்த பட்டியலில் பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 30, 40 டொலர் கேட்டுக் கதவடைத்து நின்றன. உலகில் மிக அதிகமாக மரவள்ளி விளையும் நாடு நைஜீரியா; அதை அன்றாடம் உண்பவர்களும், அதனால் நோயுற்றவர்களும், அந்நோயைத் தடுக்க வழி தேடி எழுதியவர்களும் ஆபிரிக்காவில்தான் அதிகம். அவர்கள் எழுதியதை அவர்களுடைய ஆய்விதழ்களிலேயே படிக்கலாமே என்று சொல்லி, ஆபிரிக்கன் ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளத்தைத் திறந்து கொடுத்தேன். சுருக்கமாக அதை ஏஜோல் என்பார்கள். அதன் பின்னர் மாணவருக்காகவும் விரிவுரையாளருக்காகவும் அத்தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இம்மதிப்பீடு அந்தப் பழக்கத்தில் எழுந்தது.

தளத்தின் வரலாறு சிறிது தெரிந்தால்தான் அதன் இயல்பு புரியும். 1998 இல், இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து இயங்கிய, வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்குத் துணைநிற்கும் ஐநாஸ்ப் என்ற அமைப்பு இதை ஒரு முன்னோட்டமாகத் தொடங்கியது. அக்காலத்தில் ஆபிரிக்க ஆய்விதழ்கள் பெரும்பாலும் அச்சில் மட்டுமே வெளிவந்தன. லாகோசில் அச்சான இதழ் நைரோபிக்குப் போய்ச் சேர்வதே அரிது. ஆகவே இதழ்களின் பொருளடக்கத்தையும் கட்டுரைச் சுருக்கங்களையும் இணையத்தில் ஏற்றுவதும், முழுக் கட்டுரை வேண்டியவருக்கு நகலெடுத்து அனுப்புவதுமே முதல் வேலையாக இருந்தது. 2005 இல் நிர்வாகம் தென்னாபிரிக்காவுக்கு மாறியது. கிறஹாம்ஸ்டவுன் என்றிருந்து 2018 இல் மக்கான்டா என்று பெயர் மாறிய, ரோட்ஸ் பல்கலைக்கழகம் உள்ள சிறு நகரிலிருந்து, இலாப நோக்கமற்ற நிறுவனமாக இன்று அது நடக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட ஆபிரிக்க நாடுகளின் 700 க்கும் அதிகமான இதழ்கள் அங்கே இருக்கின்றன. உலகின் வடக்கிலுள்ள செல்வ நாடுகள் தொடங்கிக் கொடுத்த ஒன்றைத் தெற்கிலுள்ள வளரும் நாடுகள் தம் கையில் எடுத்து நடத்துவது நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே நிகழ்கிறது என்பதால் இந்த இடமாற்றத்தை அழுத்திச் சொல்கிறேன்.

தேடுபவரின் பார்வையில் தளம் எளிமையானது. சற்றுப் பழைய வீட்டின் எளிமை என்றும் சொல்லலாம். இதழ்களை அகரவரிசையிலோ, துறைவாரியாகவோ, நாடுவாரியாகவோ பார்க்கலாம். மரவள்ளி என்று தேடியபோது கம்பாலாவிலிருந்து வரும் ஆபிரிக்கன் குரொப் சயன்ஸ் ஜேர்னல், ரூத் ஒனியாங்கோ 2001 இல் நைரோபியில் தொடங்கிய உணவு, விவசாயம், சத்துணவு பற்றிய ஆபிரிக்க இதழ் ஆகியவற்றோடு, பெயரே கேள்விப்பட்டிராத பல பல்கலைக்கழக இதழ்களும் வந்து நின்றன. கிழங்கைத் துருவிச் சாக்கில் கட்டிப் பாரம் ஏற்றி, நீரை வடித்துப் புளிக்கவிட்டு, இரும்புத் தட்டில் வறுத்து எடுக்கும் காரி என்ற மேற்காபிரிக்க உணவில் எந்தப் படியில் எவ்வளவு நச்சு குறைகிறது என்ற அளவீடுகள். பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை வறட்சிக் காலத்தில் வேறு புரதமின்றி உண்டவர்களின் கால்களை நிரந்தரமாக முடக்கும் கொன்சோ நோய் பற்றிய செய்திகள். மூட்டைத் தைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது வரை போகும் களக் குறிப்புகள். பெரிய பன்னாட்டு இதழ்களில் இவற்றில் பல இடம்பெற்றிருக்கமாட்டா. அளவு சிறிது, புதுமை குறைவு என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். மாணவிக்கு வேண்டியிருந்ததோ அந்தச் சிறிய அளவீடுகள்தாம். இஞ்சியை மட்டும் அங்கே ஒருவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

ஒரு கட்டுரையின் பக்கத்தைத் திறந்தால் தலைப்பு, எழுதியவர்கள், சுருக்கம், பிடிஎஃப் இணைப்பு, அதனோடு 10.4314 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் தெரியும். அந்த எண்தான் கட்டுரையின் நிரந்தர முகவரி. தளம் நாளை வேறிடம் மாறினாலும் அதைக் கொண்டு கட்டுரையைக் கண்டுபிடிக்கலாம், மேற்கோள் காட்டியவர்களையும் எண்ணலாம். வாசகர் கண்ணில் படாத இந்த எண்ணுக்குப் பின்னால்தான் இச்சேவையின் உண்மையான மதிப்பு இருக்கிறது. இத்தகைய எண்களைப் பதிவுசெய்யும் குரொஸ்ரெஃப் அமைப்பில் ஒரு சிறிய வெளியீட்டாளர் தனியே உறுப்பினராவதற்கு ஆண்டுக் கட்டணம் 275 டொலராக இருந்து வந்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு புதிய கட்டுரைக்கும் ஒரு டொலர். 2023 ஜனவரியிலிருந்து மிக வறிய நாடுகளுக்கு அது இக்கட்டணங்களை விலக்கியிருக்கிறது என்றாலும், அதற்கு முன்பே பல ஆண்டுகளாக இந்தப் பாரத்தை இதழ்களுக்காகச் சுமந்து வந்தது ஏஜோல். இதழ் ஆசிரியர் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து கொடுக்க வேண்டியிருந்திருக்கக்கூடிய பணம் அது. தளத்தில் இடம் கொடுப்பதற்கும் அது இதழ்களிடம் பணம் வாங்குவதில்லை.

தளத்தின் அடியில் ஓடும் மென்பொருள் ஓபன் ஜேர்னல் சிஸ்டம்ஸ். கனடாவில் ஜோன் வில்லின்ஸ்கி தொடங்கிய பப்ளிக் நொலெட்ஜ் புரொஜெக்ட் என்ற திட்டம் 2001 இல் முதலில் வெளியிட்ட இந்த இலவச மென்பொருளை இன்று உலகெங்கும் 25,000 க்கும் அதிகமான இதழ்கள் பயன்படுத்துகின்றன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு தெற்குலக நாடுகளைச் சேர்ந்தவை. மென்பொருள் இலவசம்தான். ஆனால் மின்சாரம், சேர்வர், அதைப் புதுப்பிக்கத் தெரிந்த ஆள், அந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டால் கடவுச்சொல்லைத் தெரிந்துவைத்திருக்கும் இன்னோர் ஆள் ஆகியவை இலவசம் அல்ல. பல்கலைக்கழகத் துறை ஒன்றின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கணினி நின்றுபோனதோடு இதழின் பத்தாண்டு ஏடுகளும் மறைந்துபோகும் ஆபத்தை நூலகத்தில் வேலை செய்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2000 முதல் 2019 வரையான காலத்தில் 170 க்கும் மேற்பட்ட திறந்த அணுக்க இதழ்கள், அதாவது எவரும் பணமின்றி வாசிக்கக்கூடிய இதழ்கள், உலக இணையத்திலிருந்து சுவடின்றி மறைந்ததை ஓர் ஆய்வு கண்டறிந்திருக்கிறது. அந்த வகையில் ஏஜோலை நான் ஒரு தேடுதளம் என்பதைவிட, ஒதுங்க இடமற்ற இதழ்களுக்கான கூரை என்றே மதிக்கிறேன்.

அடுத்தது நட்சத்திரங்கள். ஐநாஸ்புடன் சேர்ந்து 2017 இல் ஏஜோல் அறிமுகப்படுத்திய தரமதிப்பீட்டு முறை, ஒவ்வோர் இதழையும் நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகோல்களைக் கொண்டு பார்த்து, நட்சத்திரமில்லை, ஒன்று, இரண்டு, மூன்று என்று வகுக்கிறது. புதிய இதழ், இயங்காத இதழ் என்பனவற்றுக்குத் தனி இடம் உண்டு. சக மதிப்பாய்வு, அதாவது கட்டுரையை அதே துறை அறிஞர்கள் வெளியீட்டுக்கு முன் பரிசீலிப்பது, எப்படி நடக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்களா, ஆசிரியர் குழுவினர் எந்த நிறுவனத்தவர் என்று காட்டியிருக்கிறார்களா, பதிப்புரிமை யாருடையது, இதழ் சொன்ன காலத்தில் வருகிறதா என்பன போன்ற கேள்விகள் அவை. இலங்கை வாசகர்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று. நம்முடைய தேசிய விஞ்ஞான மன்றத்தோடு சேர்ந்து ஐநாஸ்ப் உருவாக்கிய ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளமும் ஏஜோலைப் பார்த்துப் பிறந்த தங்கைதான். நேபாளத்துக்கும் பங்களாதேசுக்கும் அப்படியே. அதே நட்சத்திர முறை இந்தத் தங்கைமார் தளங்களிலும் பயன்பட்டிருக்கிறது.

பணம் பறிக்கும் போலி இதழ்கள் பெருகிய காலத்தில், ஆபிரிக்காவிலிருந்து வரும் எதையும் சந்தேகத்தோடு பார்க்கும் கெட்ட பழக்கம் வடக்கின் நூலகங்களிலும் பதவி உயர்வுக் குழுக்களிலும் பரவியது. நேர்மையான சிறு இதழும் அதில் அடிபட்டது. இன்ன காரணத்தால் இந்த இதழை நம்பலாம் என்று சொல்லக்கூடிய ஒரு சான்றைத் தந்ததனால் இந்த முறையை வரவேற்கிறேன். ஒரு மனக்குறையும் உண்டு. காலந்தவறாமையை அளப்பது நல்லதுதான். ஆனால் 2022 இல் நைஜீரியாவின் அரசப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் பெப்ரவரி முதல் ஒக்ரோபர் வரை எட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தபோது, அங்குள்ள இதழை நடத்துபவரும் அதே சம்பளமில்லா விரிவுரையாளர்தான். மதிப்பாய்வு செய்பவரும் அவருடைய சக ஊழியர். அத்தகைய ஆண்டில் ஓர் இதழ் தாமதித்தால் அது சோம்பலின் அடையாளம் அன்று. நட்சத்திரம் இதைத் தெரிந்துகொள்வதில்லை. அதைப் பார்க்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விடயம். ‘திறந்த அணுக்கம்’ என்ற குறி வாசிப்பவருக்குச் சொல்லப்படும் செய்தி. எழுதுபவரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வாசகரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்கும் வழக்கம் பெரிய வெளியீட்டாளர்களிடம் எந்த எல்லைக்குப் போயிருக்கிறது என்பதற்கு, நேச்சர் இதழ் 2020 இன் இறுதியில் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று அறிவித்ததைச் சொன்னால் போதும். ஆபிரிக்க இதழ்களில் அத்தகைய தொகைகள் இல்லை. ஆனால் நைஜீரியாவில் பல இதழ்கள் கட்டுரையை ஏற்றுப் பார்ப்பதற்கே ஒரு பரிசீலனைக் கட்டணமும், ஏற்றுக்கொண்ட பின்னர் பக்கக் கட்டணமும் வாங்குவது நெடுநாள் வழக்கம். அச்சுச் செலவை ஈடுகட்டப் பல்கலைக்கழகம் பணம் கொடுக்காத இடத்தில் தோன்றிய வழக்கம் அது. பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் புதிதாக வேலையில் சேர்ந்த உதவி விரிவுரையாளருக்கு அந்தச் சிறு தொகையும் ஒரு மாதச் செலவில் பெரிய ஓட்டைதான்.

இதில் எங்களுக்கும் ஓர் அனுபவம் உண்டு. எங்கள் பீடத்து விரிவுரையாளர் ஒருவர் வெளிநாட்டு நண்பரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையை ஒரு திறந்த அணுக்க இதழுக்கு அனுப்பினார். பெயரும் நாடும் வேண்டாம். வாசிக்க இலவசமென்றால் வெளியிடவும் இலவசம்தான் என்று நான்தான் தைரியம் சொல்லியிருந்தேன். ஏழு மாதம் கழித்து ஏற்றுக்கொண்டோம் என்ற மின்னஞ்சல் வந்தது; அதன் மூன்றாவது பத்தியில் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தது. வெளிநாட்டு நாணயம் அனுப்ப நம் வங்கிகள் வரிசையில் நிற்கவைத்த காலம் அது. விசாரித்தால், கட்டண விவரம் எழுத்தாளர்களுக்கான வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. பிழை பாதி அவர்களுடையது, பாதி என்னுடையது. அன்றிலிருந்து எந்த இதழாயினும் அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்தே வாசிக்கத் தொடங்குகிறேன்.

எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் பணம் வாங்காத இதழ்களை டயமண்ட் இதழ்கள் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ செல்வச் செழிப்பானது போலத் தோன்றும், நிலைமை நேர்மாறு. 2021 இல் வெளிவந்த பேராய்வு ஒன்று உலகில் 17,000 முதல் 29,000 வரை இத்தகைய இதழ்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஊதியமில்லாத உழைப்பால் நடப்பவை. ஆபிரிக்காவில் இது நன்றாக நடக்கும் இடங்களைப் பார்த்தால், பின்னால் நிலையான ஒரு நிறுவனம் இருப்பது தெரியும். தென்னாபிரிக்க விஞ்ஞானக் கழகம் வெளியிடும் சவுத் ஆபிரிக்கன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ் எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. அக்கழகம் அரசின் நிதியில் இயங்குகிறது. ஆய்விதழ்களை இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தரும், பிரேசிலில் பிறந்த சியெலோ முறையின் தென்னாபிரிக்கக் கிளையை 2009 முதல் நடத்துவதும் அதே கழகம். செனகலின் தலைநகர் டக்காரில் 1973 இல் நிறுவப்பட்ட கொடெஸ்ரியா என்ற சமூக விஞ்ஞான மன்றம், ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து வரும் ஆபிரிக்கா டெவலப்மென்ட் இதழை 1976 முதல் நடத்திவருகிறது. பின்னால் அரசோ மன்றமோ இல்லாத துறைசார் சங்கங்களின் இதழ்கள்தாம் திணறுகின்றன. ஏஜோலின் கூரைக்குக் கீழ் இருப்பவற்றில் அத்தகையவை நிறைய.

ஆகவே ஏஜோல், ஐரோப்பாவிலிருந்து இயங்கும் நூலக அமைப்பான ஈஐஎஃப்எல், மேற்கு மற்றும் மத்திய ஆபிரிக்கப் பல்கலைக்கழகங்களின் இணைய வலையமைப்பான வாக்ரன் ஆகிய மூன்றும் கட்டணமில்லா ஆபிரிக்க இதழ்களை வலுப்படுத்தக் கைகோத்திருக்கும் செய்தியை ஆர்வத்தோடு பார்க்கிறேன். மூவரின் பலமும் வேறு வேறு: ஏஜோலுக்கு இதழ் ஆசிரியர்களைத் தெரியும், ஈஐஎஃப்எல்லுக்கு நூலகர்களைத் தெரியும், வாக்ரனிடம் கம்பியும் சேர்வரும் இருக்கின்றன. 2023 இல் மெக்சிக்கோவின் தொலூக்காவில் நடந்த டயமண்ட் உலக மாநாட்டின் இரண்டாவது அமர்வு 2024 டிசெம்பரில் கேப் டவுனில் கூடியதும் இதே காலத்தில்தான். மாநாடுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பயிற்சிப் பட்டறை, சான்றிதழ், குழுப்படம் என்று முடிந்தவை பலவற்றைப் பார்த்தாயிற்று. என்னைக் கேட்டால், வருகிற பணத்தில் முதற்பங்கு மொழி திருத்துபவருக்கும் பக்கம் அமைப்பவருக்கும் மாதச் சம்பளமாகப் போக வேண்டும். ஆசிரியர் குழுவினர் ஊதியமின்றி உழைக்கத் தயாராகவே இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு அட்டவணையின் கோடுகளை நேர்ப்படுத்துவதுதான் அவர்களைக் களைக்க வைக்கிறது.

தளத்தின் குறைகள் என்று சொன்னால், முதலில் முழுக் கட்டுரைகள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளாகவே இருப்பதைச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் வாசிப்பவருக்கு இரண்டு பத்தி அமைப்பு பெரும் சிரமம். பார்வை குறைந்தவரின் வாசிப்பு மென்பொருளுக்குப் பழைய வருடல் பக்கங்கள் வெறும் படங்கள். இரண்டாவது மொழி. ஆங்கில இதழ்களின் ஆதிக்கம் தெளிவானது; பிரெஞ்சு இதழ்கள் ஓரளவு உண்டு; சுவாகிலியிலோ அம்காரியிலோ எழுதப்பட்ட ஆய்வை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். இதில் குற்றம் சொல்லும் தகுதி தமிழில் ஆய்வுச் சுருக்கம்கூட எழுதத் தயங்கும் நமக்கு இருக்கிறதா என்பது வேறு கதை. மூன்றாவதாக, தளத்திலுள்ள இதழ்கள் எல்லாமே திறந்தவை அல்ல. சில இதழ்களின் கட்டுரைகளை இறக்கப் பணம் செலுத்த வேண்டும். அந்த வருமானத்தின் பெரும்பங்கு இதழுக்கே போகிறது என்பதால் இதை நான் குறையாகக் கொள்ளவில்லை. மாணவர்கள் திகைக்காதிருக்கத் தேடும்போதே திறந்தவற்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கட்டணம் பற்றிய தெளிவுக்கு டோஆஜ் என்ற திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எழுதுபவரிடம் பணம் வாங்காத இதழ்களை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் அதில் சேர விண்ணப்பப் படிவம் நிரப்பிக் காத்திருக்க வேண்டும் என்பதால், ஏஜோலில் இருக்கும் நல்ல இதழ்கள் பல அங்கே இல்லை. நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே ‘எழுதக் கட்டணம் இல்லை’ என்ற ஒரு குறியை எல்லா இதழ்களுக்கும் ஏஜோல் முதற்பார்வையிலேயே காட்டுமானால், கட்டணமில்லா இதழ்களை வலுப்படுத்துவதற்கு அதைவிட மலிவான வழி வேறில்லை என்று நினைக்கிறேன். நல்ல கட்டுரை கையிலுள்ள இளம் ஆய்வாளர் தானாகவே அந்த இதழ்களைத் தேடிப் போவார். நல்ல கட்டுரை வந்தால் மற்றவை பின்னால் வரும்.

மரவள்ளி மாணவி இப்போது முதுகலை செய்கிறார். சென்ற மாதம் தன் கட்டுரையை எங்கே அனுப்பலாம் என்று கேட்டு வந்தார். இருவரும் அமர்ந்து, ஏஜோலிலும் நம்முடைய இலங்கைத் தளத்திலும் இரண்டு நட்சத்திரத்துக்கு மேலுள்ள உணவு விஞ்ஞான இதழ்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வழிகாட்டியையும் கடைசிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி வாசித்தோம்.